வீட்டை விட்டுப் போகாதவர்கள்: வங்கக் கடலோரப் புயல்களின் வரலாற்றில் ஒரு சொல்

1999 அக்டோபர் 29 முற்பகலில் ஒடிசாவின் பாராதீப் துறைமுகத்துக்கு அருகே ஒரு பெரும்புயல் கரையேறியது. மணிக்கு ஏறத்தாழ 260 கி.மீ. வேகக் காற்று, அதனுடன் ஐந்தாறு மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிலத்துக்குள் வந்த கடல். ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எர்சமா வட்டாரத்தில் பல சிற்றூர்கள் சில மணி நேரத்துக்குள் இல்லாமல் போயின. கரையேறிய பின்பும் புயல் விரைந்து உள்நாட்டுக்குள் போய் அடங்கவில்லை. கடலோரத்திலேயே ஒரு நாளுக்கும் மேலாகத் தங்கி மழையைக் கொட்டியது. அரசுக் கணக்கில் இறந்தோர் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் எர்சமாவையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்ந்தவர்கள். இறந்த கால்நடைகள் நான்கு லட்சத்துக்கும் மேல். ஒடியா மொழியில் ‘மகாபாத்யா’ என்றால் இன்றும் அந்த ஒரு புயலையே குறிக்கும்.

அதன்பின் எழுதப்பட்ட அறிக்கைகளிலும் கட்டுரைகளிலும் ஒரு வாக்கியம் பல வடிவங்களில் திரும்பத் திரும்ப வருகிறது: எச்சரிக்கை விடுக்கப்பட்டது, மக்கள் வெளியேற மறுத்தார்கள். ‘மறுத்தார்கள்’ என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். மறுப்பதற்கு முதலில் எதிரே ஒன்று நீட்டப்பட்டிருக்க வேண்டும். அன்று ஒடிசாவின் கடற்கரை முழுவதிலும் புயல் காப்பகம் என்று சொல்லத்தக்க கட்டடங்கள் இருபத்துச் சொச்சமே இருந்தன. அவையும் செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியில் எழுந்தவை. எர்சமாவில் மண்சுவரும் வைக்கோல் கூரையுமான வீட்டில் இருந்த ஒருவருக்கு, ‘போ’ என்ற சொல் வானொலி வழியாக வந்து சேர்ந்தது என்றே வைத்துக்கொண்டாலும், ‘எங்கே’ என்ற கேள்விக்கு விடை வரவில்லை.

பேரிடர் வரலாறு பெரும்பாலும் நிர்வாகம் எழுதிவைத்த தாள்களிலிருந்தே எழுதப்படுகிறது. அத்தாள்களில் வீட்டில் தங்கியவர் அறியாமையின் உருவம். வெளியேறியவர் அரசின் சாதனை. வங்கக் கடலோரத்தின் நூற்றைம்பது ஆண்டுப் புயல்களை அவற்றுக்கு இரையான வீடுகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் காட்சி வேறாகத் தெரிகிறது.

எச்சரிக்கை என்ற ஏற்பாடு முதலில் யாருக்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவை ஒரு புயல் தாக்கியது. ஹூக்ளி ஆற்றின் வழியே ஏறிவந்த கடல்நீரில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். நான்கு வாரங்கள்கூட முடியாத நிலையில், நவம்பர் 1 இரவு, மசூலிப்பட்டினத்தை மற்றொரு புயல் தாக்கிற்று. அங்கே இறந்தோர் முப்பதாயிரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. அந்த இரு நகரங்களிலும் அன்று யாருக்கும் முன்னறிவிப்பு இல்லை. ஆகவே தங்குவதா போவதா என்ற கேள்விக்கே இடமில்லை. அடுத்த ஆண்டு கல்கத்தாத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டது. அது கப்பல்களுக்கானது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானதற்குப் பின்னும் துறைமுகச் சின்னங்களே எச்சரிக்கையின் முதன்மை மொழியாக நீடித்தன. நாளிதழ்களில் இன்றும் நாம் படிக்கும் ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு’ அதன் வழித்தோன்றல். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள் உண்டு. பத்து என்றால் பேரபாயம். பதினொன்று என்றால் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அற்றுவிட்டது என்று பொருள். எண்வரிசையின் உச்சியில் மௌனம் அமர்ந்திருக்கிறது!

கப்பல் தலைவருக்கு இந்த மொழி போதுமானது. கூண்டைக் கண்டதும் நங்கூரத்தை எடுத்து ஆழ்கடலுக்குப் போவதா, துறைமுகத்திலேயே கட்டை இறுக்கிக்கொள்வதா என்று அவர் முடிவெடுப்பார். எந்த முடிவானாலும் அவருடைய வீடு, சரக்கு, ஆட்கள், சோறு எல்லாம் அவருடனேயே நகரும். கரையோரச் சிற்றூர்வாசிக்கு அப்படியில்லை. அவர் போனால் அனைத்தையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கப்பலுக்காகச் செய்யப்பட்ட எச்சரிக்கை, வீட்டுக்காரருக்கு வந்து சேர்ந்தபோது பாதி மட்டுமே வந்து சேர்ந்தது.

எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமை படிப்பறியாதவரின் குணம் என்ற எண்ணத்துக்கும் அந்த நூற்றாண்டே மறுமொழி தருகிறது. ‘சைக்ளோன்’ என்ற சொல்லை 1848இல் உலகுக்குத் தந்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். சுந்தரவனத்தில் மாத்லா ஆற்றின் கரையில் புதிய துறைமுகம் ஒன்று எழுப்பும் திட்டம் வந்தபோது, அங்கே ஒரு நாள் கடல் ஏறிவரும் என்று எச்சரித்து அவர் 1853இல் தலைமை ஆளுநர் டல்ஹவுசிக்குக் கடிதம் எழுதி அச்சிட்டும் வெளியிட்டார். திட்டம் நிற்கவில்லை. கானிங் துறைமுகம் எழுந்தது. 1867 நவம்பர்ப் புயலில் கடல் ஏறிவந்து அதைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. பிடிங்டன் அதைக் காண உயிரோடில்லை. எச்சரிக்கை கிடைத்தும் இடத்தை விட்டு நகராதவர்களின் பட்டியலில் பேரரசின் தலைமைச் செயலகமும் உண்டு என்பதைப் பேரிடர்ப் பாடநூல்கள் சொல்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் எச்சரிக்கை கரைக்கும் வந்தது. வானொலி வந்தது, பின்னர் செயற்கைக்கோள் வந்தது. ஆயினும் 1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தின் கிருஷ்ணா கழிமுகத்தில் நடந்தது மசூலிப்பட்டினத்தின் மறுபதிப்பாகவே இருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, நவம்பர் 12 அன்று, நாகப்பட்டினத்தை ஒரு புயல் தாக்கி நூற்றுக்கணக்கானோரைக் கொன்றிருந்தது. இரண்டாவது புயல் சீராலா அருகே கரையேறியது. ஆனால் கடல் ஏறிவந்தது அதற்கு வடகிழக்கே, கிருஷ்ணையின் கிளைகளுக்கு இடையில் கிடக்கும் திவிசீமையில். வங்கக் கடற்புயல்களின் இயல்பு அது. காற்று இடஞ்சுழியாகச் சுழல்வதால், புயல் செல்லும் திசைக்கு வலப்புறமே கடல் உயர்ந்து நிலத்துக்குள் தள்ளப்படுகிறது. புயலின் கண் கடக்கும் ஊரைவிட, அதற்குச் சில பத்துக் கி.மீ. வலப்புறம் இருக்கும் ஊருக்கே பேரழிவு. பாலகாயதிப்ப, சொர்லகொந்தி, ஹம்சலதீவி முதலிய ஊர்கள் நீரில் அமிழ்ந்தன. அரசுக் கணக்கில் பத்தாயிரம் பேர். உண்மை அதைவிடக் கூடுதல் என்போர் பலர்.

தெலுங்கில் இந்நிகழ்வைத் ‘திவிசீமை உப்பென’ என்பார்கள். உப்பென என்றால் பொங்கியெழுந்து ஊருக்குள் புகும் கடல். தமிழில் ‘கடல்கோள்’ என்ற பழஞ்சொல் இருப்பதைப் போல, தெலுங்கிலும் அப்பொருளுக்குத் தனிச்சொல் இருந்தது. ஆனால் எச்சரிக்கைகள் அச்சொல்லில் வரவில்லை. காற்றின் வேகத்தில் வந்தன. இது சிறிய செய்தி அன்று. மணிக்கு இத்தனை கி.மீ. காற்று என்று கேட்கும் ஒருவர் கூரையை இறுக்கிக் கட்டுவார், கதவுக்கு முட்டுக் கொடுப்பார், தென்னைக்கு அடியில் மாட்டைக் கட்டாமல் தள்ளிக் கட்டுவார். காற்றுக்கு வீட்டுக்குள் இருப்பதே அறிவு என்பது ஒவ்வோர் ஆண்டும் அவர் கண்ட உண்மை. காற்று வரும்போது வீடு காக்கும். கடல் வரும்போது வீடு கொல்லும். பெரும்புயல்களில் உயிரிழப்பின் மிகப் பெரும்பகுதி நீராலேயே நேர்கிறது. காற்றைப் பற்றிச் சொல்லப்பட்ட எச்சரிக்கையைக் கேட்டவர் காற்றுக்கு உரிய முடிவையே எடுத்தார். 1999இலும் இதே கதைதான். ‘சூப்பர் சைக்ளோன்’ என்ற புதுச்சொல்லைக் கேட்ட ஒடிசாவின் உழவருக்கு அது வழக்கமான புயலைவிடச் சற்றுப் பெரிய புயல் என்றுதான் பொருள்பட்டிருக்கும். கடல் பல கி.மீ. கடந்து வயலுக்குள் வரும் என்ற செய்தி அச்சொல்லுக்குள் எங்கே இருக்கிறது?

பொய்த்த எச்சரிக்கைகளின் நினைவும் இங்கே வேலை செய்கிறது. மக்கள் எச்சரிக்கையை நம்புவதில்லை என்று குறைசொல்வோர் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில்கூட ஒரு நாள் முன்னதாகச் சொல்லப்பட்ட புயற்பாதையின் சராசரிப் பிழை 100 கி.மீ.யை நன்றாகத் தாண்டியிருந்தது. அப்படியானால் எச்சரிக்கை சில நூறு கி.மீ. நீளக் கரைக்கு விடப்பட்டாக வேண்டும். கடல் ஏறுவதோ அதில் ஒரு துண்டுக்குள் மட்டும். எனவே ஒவ்வொரு புயலிலும் எச்சரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வெறும் மழையையும் காற்றையும் பார்த்துவிட்டு வீட்டிலேயே நலமாக இருந்தார்கள். முன்னறிவிப்புத் துறை தன் வேலையைச் சரியாகச் செய்தாலும், கேட்டவர்களில் பலருக்கு அது பொய்த்துத்தான் தீரும். பத்து முறை பொய்த்ததைக் கண்ட ஒருவர் பதினோராம் முறை ஐயுறுவது மூடத்தனமாகாது. கிடைத்த சான்றுகளிலிருந்து அவர் பெற்ற முடிவு அது. சான்றுகள் தவறான பாடத்தைக் கற்பித்தன என்பதுதான் கொடுமை.

எர்சமாவுக்கு அருகிலேயே 1971 அக்டோபர் இறுதியில் ஒரு புயல் பாராதீப் பகுதியைத் தாக்கி ஏறத்தாழ பத்தாயிரம் பேரைக் கொன்றிருந்தது. இருபத்தெட்டு ஆண்டு இடைவெளி. அப்போது பிழைத்தவர்கள் 1999இல் ஊர்களில் பெரியவர்களாக இருந்தார்கள். அந்த நினைவு ஏன் அவர்களை வெளியே தள்ளவில்லை? புயலின் நினைவைச் சுமப்பவர்கள் பிழைத்தவர்கள் மட்டுமே. ‘அன்றும் இந்த வீட்டில்தான் இருந்தோம், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்ல உயிரோடு இருப்பவர் வீட்டில் தங்கிப் பிழைத்தவர். வீட்டில் தங்கி மாண்டவர் திண்ணையில் அமர்ந்து மறுமொழி சொல்வதற்கு இல்லை. ஊர் நினைவு இவ்வாறு தன்னையறியாமல் ஒருபக்கம் சாய்கிறது.

அந்த அக்டோபரில் இன்னொன்றும் நடந்திருந்தது. பன்னிரண்டு நாள்களுக்கு முன்புதான் தெற்கே கோபால்பூர் அருகே ஒரு புயல் கரையேறி கஞ்சாம் மாவட்டத்தைச் சிதைத்தது. நிர்வாகத்தின் கண்ணும் கையிருப்பும் அங்கே சென்றிருந்தன. ஒரே மாதத்தில் இரண்டாவது புயல் என்பதை நிர்வாகமே முழுமையாக உள்வாங்கவில்லை எனில், ஊரார் உள்வாங்கவில்லை என்று குறைசொல்வதில் நியாயமில்லை.

வெளியேறுவதன் விலை என்ன என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கழிமுகத்து ஏழைக் குடும்பத்தின் செல்வம் வங்கியில் இல்லை. அது குதிரில் உள்ள நெல், இரண்டு மாடு, சில ஆடு, வலை, படகு, தகரப் பெட்டியில் நிலத்தாளும் குடும்ப அட்டையும். வெளியேறு என்னும் ஆணை இவற்றை விட்டுவிடு என்னும் ஆணையாகவே கேட்கும். புயல் வராவிட்டால் திருட்டுக்கு அஞ்ச வேண்டும். வந்தால் திரும்பும்போது நிலத்தின் எல்லையே அழிந்திருக்கும். நிலத்துக்குத் தாளே இல்லாதவர்கள், அயலிலிருந்து வந்து கடலோரப் புறம்போக்கில் குடியேறியவர்கள், தம் குடிசை நிற்பதையே தம் உரிமைக்குச் சான்றாகக் கருதியவர்கள். அவர்களுக்கு வீட்டை விட்டு நீங்குதல் புயலைவிட நிச்சயமான இழப்பாகத் தெரிந்தால் வியப்பில்லை.

நடக்க இயலாத பாட்டி ஒருத்தி வீட்டில் இருப்பாள். நிறைமாதக் கர்ப்பிணி இருப்பாள். ஊரில் உறுதியான கட்டடம் ஒன்று இருந்தாலும் அது யாருடையது என்ற கேள்வி உண்டு. மேல்சாதியார் தெருவில் உள்ள மாடிவீடு, கோயில் மண்டபம், பள்ளிக்கூடம். தயங்காமல் உள்ளே நுழையக்கூடியவர் யார்? கழிப்பறை இல்லாத கூடத்தில் முந்நூறு ஆண்களோடு இரண்டு இரவு தங்க ஒரு பெண் எப்படி ஒப்புவாள்? கடலுக்குப் போன கணவன் திரும்பாத நிலையில் மனைவி வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போவாள்? 1996 நவம்பர் 6 அன்று கோனசீமையைத் தாக்கிய புயலில் காணாமற்போனவர்களில் நூற்றுக்கணக்கானோர் கடலில் இருந்த மீனவர்கள். அவர்களுடைய வீடுகளில் அன்று மாலை எடுக்கப்பட்ட முடிவுகளை எந்த அறிக்கையும் பதிவு செய்யவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம் என்ற ஒன்று இருக்கிறது. வெளியேறுவது எளிதாக இருக்கும் வேளையில் வானம் தெளிவாக இருக்கிறது. புயலை நம்புவதற்குக் காரணமே தெரிவதில்லை. காற்று வந்து நம்பவைக்கும் வேளையில் வரப்பின் மேல் நடக்க முடிவதில்லை, கழியைக் கடக்கப் படகு இருப்பதில்லை. நம்பிக்கைக்கும் நடைக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில்தான் திவிசீமையும் எர்சமாவும் மாண்டன. வீட்டில் தங்குவது என்று பலர் ஒருபோதும் முடிவெடுத்திருக்க மாட்டார்கள். இன்னும் சற்றுப் பார்ப்போம் என்று இருந்திருப்பார்கள். பார்த்துக்கொண்டிருந்தபோதே அந்த முடிவு அவர்களுக்காக எடுக்கப்பட்டுவிட்டது.

எச்சரிக்கையே எட்டாதவர்களின் வரிசையும் உண்டு. 1998 ஜூன் 9 அன்று குஜராத்தின் காண்ட்லாத் துறைமுகப் பகுதியில் கடல் ஏறியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெருந்தொகையினர் உப்பளத் தொழிலாளர்கள். பலர் வேலை தேடி வெளியூர்களிலிருந்து வந்து கழியோரக் குடிசைகளில் தங்கியிருந்தவர்கள். அந்தக் கடலைப் பற்றிய ஊர் நினைவும் அவர்களுக்கு இல்லை, அந்த ஊரின் பேரேட்டில் அவர்கள் பெயரும் இல்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே இன்றுவரை சச்சரவில் இருக்கிறது. ‘மறுத்தார்கள்’ என்று இவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

1999இன் தரவுகளை வைத்துப் பின்னர் செய்யப்பட்ட ஓர் ஆய்வு இங்கே முக்கியமானது. சௌதாமினி தாஸ், ஜெப்ரி வின்சென்ட் என்ற இரு பொருளியலாளர்கள் கேந்திரபாடா மாவட்டத்தின் பல நூறு ஊர்களை ஒப்பிட்டு 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கடலுக்கும் ஊருக்கும் நடுவே அலையாத்திக் காடு அகலமாக இருந்த ஊர்களில் இறப்பு குறைவு என்பது அதன் முதன்மை முடிவு. சூழலியலார் அதைப் பெரிதும் எடுத்தாண்டார்கள், அது சரியே. ஆனால் அதே கட்டுரையின் இன்னொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படவில்லை. அரசின் முன்னெச்சரிக்கை காத்த உயிர்கள், காடு காத்த உயிர்களைவிட அதிகம். அதாவது அந்த 1999இலும் எச்சரிக்கையைக் கேட்டு நகர்ந்தவர்கள் கணிசமாக இருந்தார்கள். செவியும் மனமும் எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். செய்தி எப்போது வந்தது, போக வழி இருந்ததா என்பதில்தான் ஊருக்கு ஊர் வேற்றுமை.

ஆந்திரம் இதை 1977க்குப் பின் ஓரளவு கற்றது. கடலோரத்தில் நூற்றுக்கணக்கான காப்பகங்கள் கட்டப்பட்டன. 1990 மே மாதம் கிருஷ்ணா முகத்துவாரத்தின் அருகே 1977ஐ ஒத்த வலிமையுள்ள புயல் ஒன்று கரையேறியபோது லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே நகர்த்தப்பட்டிருந்தனர். இறந்தோர் எண்ணிக்கை ஆயிரத்தை நெருங்கியது. சிறிய எண் அன்று. ஆனால் அதே மண்ணில், பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் பத்தாயிரம். இந்தப் பாடம் அடுத்த மாநிலத்துக்கு எல்லையைத் தாண்டிச் செல்ல மேலும் ஒன்பது ஆண்டுகளும் ஒரு மகாபாத்யாவும் தேவைப்பட்டன.

1999 டிசம்பர் இறுதியில் ஒடிசா தனக்கெனப் பேரிடர்த் தணிப்பு ஆணையம் ஒன்றை அமைத்தது. நாடு தழுவிய பேரிடர் மேலாண்மைச் சட்டம் வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்தது. எங்கெங்கே காப்பகம் வேண்டும் என்று காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு செய்தது. தூண்களின் மேல் உயர்ந்து நிற்கும் காப்பகங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. புயல் இல்லாத நாளில் அவை பள்ளிக்கூடங்கள். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சாய்தளம், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. பராமரிக்க உள்ளூர்க் குழு, அதில் பயிற்சி பெற்ற இளைஞர்கள். அறிமுகமான கட்டடத்துக்குள், அறிமுகமான ஆள் அழைத்துப் போவது என்பது அதிகாரியின் ஆணையைவிட வலுவானது. தன் பிள்ளை நாள்தோறும் படிக்கும் பள்ளிக்குப் போவதைத் தாய் வெளியேற்றமாக உணர்வதில்லை.

2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையேறியது. அன்று துர்கா பூசையின் அஷ்டமி. ஒடிசாவில் அந்நாளில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போ என்பது சிறு வேண்டுகோள் அன்று. அரசு ஊழியர்களின் பூசை விடுமுறை நீக்கப்பட்டது. கரையேறும் நேரத்துக்கு முன்பாக ஏறத்தாழ பத்து லட்சம் பேர் நகர்த்தப்பட்டனர். சிலர் வற்புறுத்தலின்பேரில் போனார்கள், காவலரும் இருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. புயலிலும் பின்வந்த வெள்ளத்திலும் சேர்த்து இறந்தோர் ஐம்பதுக்கும் கீழ். 1999க்கும் 2013க்கும் இடையில் ஒடிசா மக்களின் இயல்பு மாறிவிட்டதா? பதினான்கு ஆண்டில் மனித இயல்பு மாறாது. சமைத்த சோறு கிடைக்கும் என்பது தெரிந்திருந்தது. வீடு விழுந்தால் நிவாரணம் உண்டு, அதற்குக் காவலாக வீட்டிலேயே இருக்க வேண்டியதில்லை என்பது தெரிந்திருந்தது. காப்பகம் எங்கே என்பது கால்களுக்குத் தெரிந்திருந்தது. 1999இன் பிணங்களும் நினைவில் இருந்தன. முன்பு நியாயமான விடை ‘தங்கு’ என்றிருந்தது. இப்போது நியாயமான விடை ‘போ’ என்றாயிற்று. கணக்குப் போட்டவர்கள் அதே மக்கள்தாம்.

2019 மே 3 அன்று பானி புயல் பூரியைத் தாக்கியபோது நகர்த்தப்பட்டவர்கள் பன்னிரண்டு லட்சம். இறந்தவர்கள் அறுபத்து நான்கு. உலகம் பாராட்டியது.

ஆனால் வெளியேற்றம் என்ற ஒரே விடையை எல்லா இடத்துக்கும் பொருத்துவதில் ஆபத்து உண்டு என்பதையும் ஒடிசாவே காட்டியது. 2018 அக்டோபரில் தித்லி புயல் ஆந்திர எல்லைப்புறத்தில் கரையேறி உள்நாட்டுக்குள் சென்றது. கடலோரம் ஆயத்தமாக இருந்தது. மலைப்பகுதியான கஜபதி மாவட்டம் அப்படியில்லை. அங்கே பராகரா என்ற ஊரில் மழைக்கு அஞ்சி வீட்டை விட்டு நீங்கியவர்கள் மலைச்சரிவில் பாறையின் அடியில் ஒதுங்கினர். நிலச்சரிவு அவர்கள்மேல் விழுந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குழந்தைகளும் உண்டு. வீட்டை விட்டுப் போகாமையால் அன்று போனதால் இறந்தார்கள். கடலோரத்துக்காக இருபது ஆண்டுகளாகச் செதுக்கப்பட்ட அறிவு, கடலைக் காணாத ஊருக்குச் சொல்ல ஒன்றும் வைத்திருக்கவில்லை. 2020 மே மாதம் அம்பான் புயல் வங்கத்தை நெருங்கியபோது சிக்கல் வேறுவிதமாக வந்தது. பல காப்பகங்கள் கொரோனாத் தனிமைப்படுத்தல் மையங்களாக இருந்தன. வீட்டில் இருந்தால் புயல், காப்பகம் சென்றால் தொற்று. அந்த வாரம் சுந்தரவனத்தில் தயங்கி நின்றவர்களை எந்தச் சொல்லால் குறிப்பது?

இந்த வரலாற்றில் இப்போது மெல்லத் தெளிவாகிவரும் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு. அது திரும்பி வருவதற்கு வீடே இல்லாத வெளியேற்றம். கேந்திரபாடா மாவட்டத்தில், பிதர்கனிகாவின் கடலோரத்தில், சாதபாயா என்ற ஊர்த்தொகுதி இருந்தது. கடல் பல பத்தாண்டுகளாக அதை ஊர் ஊராக விழுங்கி வந்தது. அங்கே புயலின்போது மட்டும் போய்த் திரும்புவது என்ற ஏற்பாட்டுக்குப் பொருளில்லாமல் போயிற்று. 2010களில் மாநில அரசு அங்கிருந்த 571 குடும்பங்களை உள்நாட்டில் பாகபடியா என்னும் இடத்துக்குக் குடிபெயர்த்தது. வீட்டுமனை கிடைத்தது, உழுவதற்கு வயல் கிடைக்கவில்லை. ஆண்கள் பலர் கூலி வேலைக்கு வெளிமாநிலங்களுக்குப் போனார்கள்.

சாதபாயாவின் பஞ்சுபராஹி கோயிலில் ஐந்து தேவியரின் கற்சிலைகள் இருந்தன. அவற்றுக்குப் பூசை செய்தவர்கள் மீனவச் சபரக் குடும்பங்களின் மணமான பெண்கள். ஆண்கள் சிலைகளைத் தொடக்கூடாது என்பது நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்ட முறை. ஊர் போன பின்பும் கோயில் கடலோரத்திலேயே நின்றது; அலை அதன் வாசலை எட்டியது. 2018 ஏப்ரலில் பாகபடியாவில் புதுக்கோயில் ஆயத்தமானது. கனத்த அந்தக் கற்களைப் பெண்களால் மட்டும் தூக்கிச் செல்ல இயலவில்லை. எனவே அன்று ஒரு நாள் மட்டும் ஆண்கள் தேவியரைத் தொட்டுத் தூக்கினார்கள். புதுக்கோயிலில் சிலைகளை இறக்கிவைத்தபின் சுத்திகரிப்புச் சடங்குகள் நடந்தன. பூசை மீண்டும் பெண்களின் கைக்குச் சென்றது.